மீட்டர்க்காரர் வளர்த்த விரியன்

உயிரே போனாலும் ஷெட்டை விட்டுக்கொடுப்பதில்லை என்று மீட்டர்க்காரர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு. அந்த முடிவு மத்தியானச் சாப்பாடு வரை நன்றாகத்தான் இருந்தது.

ஷெட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே ஓடாத மின்விசிறி மூன்று, பாடாத ரேடியோ நான்கு, எந்தக் குழாயோடும் சேராத குழாய்த் துண்டுகள் ஒரு மூட்டை, இடுப்பு உயரத்துக்குப் பழைய செய்தித்தாள். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதற்கு "ரேடியோ ரிப்பேர்" என்று பெயர். பத்து வருஷமாக ரிப்பேர் நடக்கிறது. அவருடைய குறட்டையைத் தவிர வேறு எந்த ஸ்டேஷனும் அந்த ஷெட்டிலிருந்து இதுவரை கேட்டதில்லை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. வாசலில் நாய் குரைக்கும். நாய் ஓய்ந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். சொந்த வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவரை யாரும் கூப்பிடாத இடம் என்று இந்தப் பூமியில் மிச்சம் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அதற்குத்தான் அன்று காலை ஆபத்து வந்தது.

அவர் மனைவி தெருவுக்கே டெய்லரம்மா. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் ஒரு ஆளை ஏற இறங்கப் பார்த்தால், இடுப்பு எத்தனை, தோள் எத்தனை, பொய் எத்தனை என்று சொல்லிவிடுவாள். அவள் அடுப்படியிலிருந்து டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, பின்னாடி ஷெட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க."

டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"எந்த ஷெட்?"

"நமக்கு என்ன அஞ்சாறு ஷெட்டா இருக்கு? பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. முந்நூறு சட்டை. தங்கச்சியும் அவ மெஷினைத் தூக்கிட்டு வரா. ரெண்டு மெஷின், ஒரு வெட்டுற மேஜை. கூடத்துல எங்க போடுறது, உங்க தலை மேலயா?"

"ஏம்மா, அங்க நான் ரேடியோ ரிப்பேர்..."

"ரேடியோவை வெளிய வச்சுக்கூடத் தூங்கலாம்ங்க."

இந்த இடத்தில்தான் மீட்டர்க்காரர் அந்த வீர முடிவை எடுத்தார். முடிவு எடுத்தாயிற்று, ஆயுதம் வேண்டுமே? பத்தொன்பது வருஷ சர்வீஸ் ஒரு ஆயுதம் கொடுத்திருந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு மீட்டரும் தரைக்குள் ஒரு குழியில், இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும். கொக்கி போட்டு மூடியைத் தூக்கவேண்டும், குனியவேண்டும், தூசியைத் துடைத்துவிட்டு எண்ணைப் படிக்கவேண்டும். வெயிலில் குனிய மனசில்லாத நாளில் புத்தகத்தில் "குறிப்பு" என்ற கட்டத்தில் "குழியில் பாம்பு" என்று எழுதி, போன மாத அளவையே உத்தேசமாகப் போட்டுவிட்டு மர நிழலுக்குப் போய்விடலாம். "வீடு பூட்டு" என்று எழுதினால் மேலதிகாரி நேரில் வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "நாய்" என்று எழுதினால் என்ன நாய் என்று விளக்கம் கேட்பார். "பாம்பு" என்று எழுதியதற்கு மட்டும் எந்த அதிகாரியும் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்த சரித்திரம் கிடையாது. இப்படி மீட்டர்க்காரர் எழுதிவிட்ட பாம்புகளையெல்லாம் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் ஊரில் ஒரு ஜனம் மிஞ்சாது.

நிஜத்தில் அவர் பார்த்த விஷப்பாம்பு ஒன்றே ஒன்று. மூடியைத் தூக்கினார், உள்ளே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்து குக்கர் மாதிரி சீறிற்று. அடுத்த தெருவில் வந்து நின்ற பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. செருப்பை எடுக்க அவர் திரும்பிப் போகவில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் அந்த மாதம் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

ஆக, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். ஷெட்ல பாம்பு இருக்கு."

டெய்லரம்மா நாடாவைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன பாம்பு?"

"கண்ணாடி விரியன்."

"எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"நீ பயந்துடுவேன்னு."

"எவ்வளவு நீளம்?"

மீட்டர்க்காரர் இரண்டு கையையும் விரித்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் விரித்தார். டம்ளர் உருண்டது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அசையாம நின்னேன். பாம்பைப் பார்த்தா அசையவே கூடாது. அது என்னைப் பார்த்துச்சு, நான் அதைப் பார்த்தேன்."

"யாரு முதல்ல கண்ணை எடுத்தது?"

"அதுதான்."

"அட!" என்றாள் அவள். கொட்டிய டீயைத் துடைத்தாள். "சரிங்க. உயிரை விடவா ஷெட் பெருசு? இனிமே அந்தப் பக்கமே யாரும் போக வேண்டாம்."

ஜெயித்தாயிற்று! மீட்டர்க்காரர் அன்று மத்தியானம் இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டார். கை கழுவினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பின்கதவைப் பார்த்து நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஷெட்டு..." என்றவர் பாதியில் நின்றார்.

"விரியன் இருக்கிற ஷெட்டுக்கா? நல்லா இருக்கே! எனக்கு இருக்கிறது ஒரே புருஷன்." அவள் போய்க் கதவில் பூட்டைப் போட்டுச் சாவியை மெஷின் டிராயரில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் கூடத்து மூலையில் உட்கார்ந்து யோசித்தார். பாம்பு இருந்தால் தானும் போக முடியாது. பாம்பு இல்லையென்றால் மெஷின் போய்விடும். பெண்டாட்டியை உள்ளே விடாத, புருஷனைக் கண்டுகொள்ளாத ஒரு பாம்பு தேவைப்பட்டது. அப்படியொரு ஜாதியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் சாயங்காலம் ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"இந்தாம்மா, யோசிச்சுப் பார்த்தா அது என்கிட்ட பழகிடுச்சுன்னு நினைக்கிறேன். நான் மட்டும் போனா ஒண்ணும் பண்ணாது."

"பழகிடுச்சா? அப்பப் போய் ரெண்டு வார்த்தை சொல்லி வெளிய கூட்டிட்டு வாங்க. நாங்க மெஷினை வச்சுக்கறோம்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாருக்காவது ஏதாவது ஆகாதா என்று காத்துக்கொண்டிருப்பவர்.

"சார், விரியனாமே! குடுத்து வச்சவர் சார் நீங்க. இப்படி உட்காருங்க. கடிச்சா என்ன பண்ணணும், சொல்லுங்க?"

"ஓடணும்."

"ஓடினா தீர்ந்தீங்க! விஷம் ஜம்முன்னு ஏறிடும். ஓடக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது, பிளேடால கீறக் கூடாது, வாய் வச்சு உறிஞ்சக் கூடாது. கடிச்ச காலை ஆடாம அசையாம ஒரு கட்டையோட சேர்த்துத் துணியால கட்டி, படுக்க வச்சு நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அம்மா, ஒரு ஸ்கேலும் நாலு துண்டுத் துணியும் கொண்டாங்க. சாருக்கே கட்டிப் பார்த்துடலாம்."

"எனக்கு இன்னும் கடிக்கலையே?" என்றார் மீட்டர்க்காரர்.

"கடிச்சப்புறம் பழக நேரம் இருக்காது சார்."

டெய்லரம்மா நீள ஸ்கேலைக் கொண்டுவந்தாள். வெட்டி மிஞ்சிய துணியில் கால் கட்டாயிற்று. எந்தக் கால் என்று பாம்பு முன்கூட்டியே சொல்லாது என்பதால் இரண்டாவது காலும் கட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜாக்கெட் அளவு வந்தது. டெய்லரம்மா எழுந்து போனாள். கம்பவுண்டருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, அவரும் போனார். மீட்டர்க்காரர் தரையில் மல்லாந்து கிடந்தபடி வாசல் பேச்சு கைநீளத்திலிருந்து கழுத்துக்குப் போய், கழுத்திலிருந்து அந்த அம்மாளின் நாத்தனாருக்குப் போவதை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்பவுண்டர் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாம்பு சும்மா வராது, எலியைத் தேடி வரும்; புல்லிலும் செங்கல் குவியலிலும் பதுங்கும்; சாக்கடைப் பொந்து வழியாக வீட்டுக்குள் நுழையும். இது போதாதா? செவ்வாய்க்கிழமை கொல்லைப்புறத்துப் புல் வெட்டப்பட்டது. புதன்கிழமை, வீடு கட்டின நாளிலிருந்து கிடந்த செங்கல் குவியல் ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொன்றையும் கம்பால் தட்டி, வாசலுக்குப் போயிற்று. வியாழக்கிழமை சாக்கடைக்கு வலை அடித்தாயிற்று. எல்லாம் மீட்டர்க்காரரின் கையால், ஆபீஸ் முடிந்து வந்த பிறகு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

"மூணு வருஷமா நான் கரடியா கத்தினேன், ஒரு புல் அசையலை," என்று டெய்லரம்மா தங்கச்சியிடம் சொல்வது காதில் விழுந்தது. "பாம்பு ஒரு வார்த்தைகூடப் பேசலை. எல்லாம் நடந்துடுச்சு பாரு."

ஆமாம், தங்கச்சி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டாள், மெஷினோடு. ஷெட் கிடையாது என்பதால் அந்த மெஷின் கூடத்துக்கு வந்தது. வெட்டுகிற மேஜைக்கு இடம் இல்லை என்பதால் மீட்டர்க்காரரின் கட்டில் மேஜையாயிற்று. அதில் முந்நூறு சட்டைக்கான துணி படுத்துக்கொண்டது. அவர் வாசல்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். டி.வி. பெட்டி மேல் காலர்கள் அடுக்கியிருந்ததால் செய்தி வாசிப்பவருக்கு நெற்றிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சுவரோரம் பாய் விரித்துப் படுத்தால் குண்டூசி குத்திற்று.

"அத்தான், கொஞ்சம் புரளாம படுங்க. கைத்துணி மேல படுத்திருக்கீங்க," என்றாள் கொழுந்தியாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது டெய்லரம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் பாம்பு பிடிக்கிற அம்மா வராங்க. கம்பவுண்டர்தான் நம்பர் குடுத்தார்."

மீட்டர்க்காரர் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்த அம்மாள் வந்து தேடிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால்? சொன்ன அடுத்த நிமிஷம் மெஷின் உள்ளே போகும், நாற்காலி வெளியே வரும். ஆகவே ஏதாவது இருந்தாக வேண்டும்.

ஆபீஸில் பம்பு ரூமில் இருக்கிறவர் எப்போதோ கண்டெடுத்த பாம்புச் சட்டை ஒன்றை அதிசயமாக ஒரு பழைய நோட்டுக்குள் வைத்திருந்தார். மீட்டர்க்காரர் வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைக் கெஞ்சி வாங்கி, கிழியாமல் எட்டாக மடித்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிராயரிலிருந்து சாவியை யாருக்கும் தெரியாமல் எடுத்து, ஷெட்டைத் திறந்து, செய்தித்தாள் அடுக்கின் மேல் சட்டையை வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் கார் சத்தம் கேட்டதால் பிரித்து வைக்க நேரம் இல்லை.

வந்தது டிரைவிங் ஸ்கூல் கார். அந்த அம்மாள் பகலெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். இடையில் அழைப்பு வந்தால் பாம்பு பிடிக்கப் போவார். முறைப்படி அனுமதி வாங்கியவர். நீளக் கொக்கி, துணிப்பை, பாம்பைப் பைக்குள் விட ஒரு குழாய், முரட்டுப் பூட்ஸ். பேச்சு மட்டும் எங்கே போனாலும் வண்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற பேச்சு.

"பதறாதீங்க சார். ரைட்ல ஒதுங்குங்க. பின்னாடி பார்த்து, பின்னாடி பார்த்து. அப்படியே நில்லுங்க."

டார்ச்சை அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். மின்விசிறியை நகர்த்தினார், மூட்டையைத் தட்டினார். கடைசியில் செய்தித்தாள் மேல் வெளிச்சம் நின்றது. கொக்கியைக் கீழே வைத்துவிட்டு அதை விரலால் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு மடிப்பைப் பிரித்தார். இன்னொரு மடிப்பைப் பிரித்தார்.

"பன்னிரண்டு வருஷமா பாம்பு பிடிக்கிறேன். சட்டையைக் கழற்றி மடிச்சு வச்ச பாம்பை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார்.

"இந்த வீட்டு ஆம்பளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பொம்பளைப் பாம்பாத்தான் இருக்கும்," என்றாள் டெய்லரம்மா.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்டர்க்காரர் கூரையைப் பார்த்தார்.

"இது சாரையோட சட்டை. சாரைக்கு விஷம் கிடையாது," என்றார் பாம்புக்காரம்மா. "விரியன் இருக்கா இல்லையான்னு இவ்வளவு சாமானை வச்சுக்கிட்டு என்னால சத்தியம் பண்ண முடியாது. எதையாவது பார்த்தா ஒரு போன் பண்ணுங்க."

அவர் போய்விட்டார். டெய்லரம்மா மடிப்புச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டைப் போட்டாள், சாவியை அதே டிராயரில் வைத்தாள், மெஷினில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடியும் ஞாயிறு வந்தது. சாப்பாடு முடிந்ததும் அக்காளும் தங்கச்சியும் பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். முந்நூறு சட்டைக்கு ஒரே நிறத்தில் பட்டன் பொறுக்க எப்படியும் இரண்டு மணி நேரம். மீட்டர்க்காரர் தெருமுனை வரை அவர்களைக் கண்ணால் அனுப்பிவைத்தார். அடுத்த நிமிஷம் டிராயர், சாவி, பூட்டு, கதவு, நாற்காலி. ஐயோ, அந்தச் சுகம்! ஐந்து ராத்திரி குண்டூசி மேல் புரண்ட உடம்பு. கதவைச் சாத்திக்கொண்டு சாய்ந்ததுதான் தெரியும்.

சரசரவென்று ஒரு சத்தத்தில் விழிப்பு வந்தது. பேப்பர் அடுக்கு சரிகிறது என்று நினைத்துக் கீழே பார்த்தார்.

நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில், அவர் கழற்றி விட்ட செருப்புக்கு ஒரு சாண் தள்ளி அது கிடந்தது. குட்டையாக, தடியாக, மண் நிறத்தில், முதுகு நெடுக அடர்ந்த பழுப்புத் திட்டுத் திட்டாக. அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே கண்ணாடி விரியன், சொன்ன இடத்தில்.

அவர் இரண்டு காலையும் எப்போது நாற்காலிமேல் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அசையக் கூடாது என்று இத்தனை நாள் ஊருக்குச் சொன்னவர் இப்போது தன் தொடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். தொடை கேட்பதாக இல்லை. இந்த நாற்காலியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது பெண்டாட்டியின் முகம்தான். அழுகையே வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, வாசல் கேட் கிறீச்சிட்டது. பேச்சுச் சத்தம். டிராயர் இழுபடும் சத்தம். பிறகு ஜன்னலில் டெய்லரம்மா வந்து நின்றாள்.

"பூட்டைக் காணோமேன்னு பார்த்தேன். ரிப்பேர் நடக்குதா?"

"பாம்பு," என்றார் உதடு மட்டும் அசைய.

"தெரியுமே. போன ஞாயித்துக்கிழமையே சொன்னீங்களே."

"நிஜப் பாம்பு."

"அப்ப அது?"

"அது பொய்ம்மா. இது நிஜம். கீழ பாரு. விரியன்."

அவள் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் நிஜமாகவே இரத்தம் இறங்கிப்போயிற்று. பட்டன் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"ஆடாதீங்க. அப்படியே இருங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

"சாகப் போறவனுக்குப் போட்டோ எதுக்கு?"

"உங்களை இல்லைங்க, அதை. பாம்புக்காரம்மாவுக்கு அனுப்பணும். என்ன பாம்புன்னு தெரிஞ்சாத்தானே தகுந்த சாமானோட வருவாங்க."

போனோடு துவைக்கிற கல் பக்கம் போனாள். பேசியது இவர் காதில் சரியாக விழவில்லை. "ஆமா... அப்படியா... சரி சரி," என்று கேட்டது, அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தாள். முகத்தில் பழைய நிறம் வந்திருந்தது.

"வராங்களாம். யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்காங்களாம். முடிச்சுட்டு வராங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரிவர்ஸ் சிலருக்குச் சீக்கிரம் வராதுங்க."

"கதவையாவது திறந்து விடேன்!"

"திறந்தா அது மிரண்டு உங்க பக்கம்ல வரும்? அசையாம இருங்க. பேசிக்கிட்டிருந்தா பயம் தெரியாது. நாமளும் ஒரு வாரமா மனசு விட்டுப் பேசவே இல்லை. உங்க புத்தகத்தை மாசாமாசம் நல்ல கையெழுத்துல பிரதி எடுத்துத் தரது யாரு?"

"நீதான்."

"போன மாசம் இருபத்தேழு வீட்டுல பாம்பு. நான்தான் எழுதினேன். அதுல ஒண்ணு நம்ம வீடு. நம்ம வாசல்ல இருக்கிற குழியைக்கூட நீங்க குனிஞ்சு பார்க்கலை. அப்படிப்பட்டவர் ஷெட்ல பாம்புன்னதும் நான் நம்பிடுவேனா?"

கீழே அது அரை அடி நகர்ந்தது. மீட்டர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்புதான் தாயே. உயிரோட வெளிய வந்தா ஷெட்டை நீயே எடுத்துக்கோ."

"வந்தாலா, வந்ததுமா?"

"வந்ததும்!"

"ரேடியோ எல்லாம்?"

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்."

"மின்விசிறி?"

"அதுவும்."

"தங்கச்சி, கேட்டுக்கிட்டியா?" கொழுந்தியாள் கொல்லைக் கதவில் நின்று தலையாட்டினாள். "அத்தான் சொன்னதெல்லாம் கேட்டுச்சுக்கா. ஞாயித்துக்கிழமை பட்டன் தைக்கிறதைப் பத்தியும் கேட்டுடு."

"அது என்ன பட்டன்?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"முந்நூறு சட்டை, சட்டைக்கு ஆறு பட்டன். எங்க ரெண்டு பேராலயும் முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ரிப்பேர் வேலையும் இனிமே இல்லை."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதே!"

"பாம்பு வாலை ஆட்டுற மாதிரி தெரியுது..."

"தைக்கிறேன்! தைக்கிறேன்!"

"அடுத்த மாசத்துலேர்ந்து உங்க புத்தகத்தை நீங்களே பிரதி எடுங்க. எனக்குப் பாம்பு பாம்புன்னு எழுதி எழுதிக் கை வலிக்குது."

"எடுக்கறேன். அம்மா, உனக்கு ஒண்ணு சொல்லணும். ஒருவேளை எனக்கு ஏதாவது ஆயிட்டா, நான் உன்னை எப்பவுமே..." குரல் உடைந்தது.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் அவள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகியது. பிறகு கேட்டாள்: "கட்டிலை நிரந்தரமா மேஜையாவே வச்சுக்கலாமா?"

அதற்குச் சம்மதம் கிடைத்துக் கொஞ்ச நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. பாம்புக்காரம்மா கதவை மெதுவாகத் திறந்தார். "பிரேக்ல இருந்து காலை எடுக்காதீங்க சார்," என்றார். மீட்டர்க்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததால் மீதியைப் பார்க்கவில்லை. "முடிஞ்சது, இறங்கலாம்," என்ற குரல் கேட்டபோது துணிப்பையின் வாய் கட்டப்பட்டிருந்தது.

இறங்கினார். கால் மரத்திருந்ததால் முதலில் விழுந்தார், பிறகு நடந்தார். அவர் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பின்னால் ரேடியோக்கள் வெளியே வரும் சத்தமும், மெஷின் உள்ளே போகும் சத்தமும் கேட்டது. கேட்கட்டும். தலையோடு போக இருந்தது ஷெட்டோடு போயிற்றே! கண்ணாடி விரியனோடு ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருந்துவிட்டு உயிரோடு வந்தவர்கள் ஆபீஸில் எத்தனை பேர்? நாளைக்கு நுழைந்ததும் சொல்லவேண்டும். நினைக்க நினைக்க மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. பாம்புக்காரம்மாவைக் கார் வரை கொண்டுபோய் விட எழுந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நல்ல நேரத்துல வந்து காப்பாத்தினீங்க. கடிச்சிருந்தா எவ்வளவு நேரம் தாங்கியிருப்பேன்?"

"இதுவா?" அந்த அம்மாள் பையைப் பின் சீட்டில் வைத்தார். "இது மண்ணுளி சார். பார்க்க விரியன் மாதிரியே இருக்கும், நிறையப் பேர் ஏமாந்துடுவாங்க. துளி விஷம் கிடையாது."

மீட்டர்க்காரர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மணி நேரம் செத்துப் பிழைச்சிருக்க மாட்டேனே!"

"போட்டோவைப் பார்த்ததுமே அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேனே சார்," என்று வண்டியைக் கிளப்பினார் அவர். "அடுத்த தெருவுலதான் சும்மா நின்னுக்கிட்டிருந்தேன், அஞ்சு நிமிஷத்துல வரேன்னேன். அம்மாதான், 'அவசரமே இல்லை, மெதுவா வாங்க, அவர்கிட்ட இன்னும் நாலு விஷயம் பேசி முடிக்க வேண்டியிருக்கு'ன்னாங்க."